பெரியேரிப் புத்தர் எங்கே இருக்க வேண்டும்?

சேலம் கோட்டைச் சாலையை ஒட்டிய பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. அங்கே முனியப்பனாகக் கும்பிடப்பட்டுவந்த கற்சிலை புத்தருடையது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. சேலத்துப் பௌத்த அறக்கட்டளை ஒன்றின் சார்பில் 2011இல் தொடுக்கப்பட்ட வழக்கு அது. சிலையை நேரில் ஆராய்ந்து அறிக்கை தரும்படி 2020 நவம்பரில் நீதிமன்றம் மாநிலத் தொல்லியல் துறையிடம் கேட்டது. வல்லுநர்கள் போய்ப் பார்த்து எழுதியது இதுதான்: தாமரைப் பீடத்தில் அர்த்த பத்மாசனம், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தியானக் கைகள், உடலில் துவராடை, சுருள்முடி, உச்சியில் எழும்பி நிற்கும் உஷ்ணீஷம், தொங்கும் நீண்ட காதுமடல். தலை உடலிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் சிமென்ட்டும் சுண்ணாம்பும் கலந்து யாரோ ஒட்டவைத்திருந்தார்கள். காலப்போக்கில் மக்கள் முனியப்பனாகவே வழிபட்டுவிட்டார்கள், அப்படியே தொடரட்டும் என்று அறநிலையத் துறை வாதிட்டது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதை ஏற்கவில்லை. இடத்தைத் தொல்லியல் துறை ஏற்றுக்கொள்ள வேண்டும், இது புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், பொதுமக்கள் வந்து பார்க்கலாம், பூசையும் சடங்குகளும் கூடாது என்று உத்தரவிட்டார்.

இந்தத் தீர்ப்பை யாருக்கு வெற்றி, யாருக்குத் தோல்வி என்ற கணக்கிலேயே பலரும் பேசினார்கள். அதில் ஒரு வரி போதிய கவனம் பெறவில்லை. சிலையை எடுத்துக்கொண்டுபோய் ஓர் அருங்காட்சியகத்தில் வையுங்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அதைப் பற்றிய உண்மை பக்கத்தில் எழுதப்பட்டிருக்கட்டும், வருகிறவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான் உத்தரவின் சாரம். பாதுகாக்கப்பட்ட தொல்பொருள், அதை விளக்கும் எழுத்து, பார்வையாளருக்குத் திறந்த கதவு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அதற்குப் பெயர் அருங்காட்சியகம். அந்த வகையில் பெரியேரியில் ஒரே ஒரு பொருளைக் கொண்ட அருங்காட்சியகத்துக்கு 2022இல் அடிக்கல் நாட்டப்பட்டுவிட்டது. அதை வெறும் சட்டப் பொறுப்பாக எண்ணி ஒரு தகரப் பலகையோடு முடித்துவிடாமல், சேலம், நாமக்கல் சமவெளி முழுவதற்கும் முன்மாதிரியாக வளர்க்க வேண்டும் என்பது என் வாதம். துறவிகளின் பழைய வாழ்விடங்களைப் பொறுத்தவரை பொருளுக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு அது இருந்த மண்ணுக்கும் உண்டு. பொருளை மட்டும் பெயர்த்தெடுத்தால் பாதிச் சாட்சியம் போய்விடும்.

மடமாக இருந்த கட்டடமே அருங்காட்சியகமாக மாறிய ஊர்களைப் பார்த்தால் இது விளங்கும். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் சான் மார்க்கோ என்ற டொமினிக்கன் துறவியர் மடம் 1869இல் அரசு அருங்காட்சியகமானது. 15ஆம் நூற்றாண்டில் அந்த மடத்துத் துறவிகளில் ஒருவரான ஃபிரா ஆஞ்சலிக்கோ தம் உதவியாளர்களுடன் சேர்ந்து, துறவிகள் உறங்கிய சின்னஞ்சிறு அறைகளின் சுவர்களில் அறைக்கொன்றாக ஓவியம் தீட்டினார். அவை இன்றும் அதே சுவர்களில் இருக்கின்றன. மேலே ஒரு குறுகிய சன்னல், ஒருவர் படுத்து எழும் அளவு தரை, எதிரே ஓவியம். தனியொரு மனிதன் விடியலில் மண்டியிட்டுப் பார்ப்பதற்காக வரையப்பட்டது அது என்று அறைக்குள் நுழைந்ததும் புரிந்துவிடும். அதே ஓவியத்தைப் பெயர்த்து லண்டனிலோ பாரிஸிலோ பெரிய கூடத்தில் மாட்டினால் நிறமும் கோடும் அப்படியே இருக்கும். யாருக்காக, எதற்காக, எந்தத் தூரத்திலிருந்து பார்ப்பதற்காக வரையப்பட்டது என்ற செய்தி மட்டும் அழிந்துவிடும். அந்தச் செய்தியைச் சுமப்பது அறையின் அளவுதான்.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு பழைய கோவாவில் இருக்கிறது. அசிசியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தை ஒட்டிய பிரான்சிஸ்கன் துறவியர் மடத்தில் இந்தியத் தொல்லியல் துறை 1964இல் அருங்காட்சியகம் அமைத்தது. போர்த்துகீசிய அரசு 1830களில் துறவற சபைகளைக் கலைத்தபோது ஆளற்றுப்போன மடங்களில் ஒன்று அது. கோவா 1961இல் விடுதலை பெற்ற மூன்றே ஆண்டில், ஆட்சியாளர்களின் ஓவியங்களும் சிலைகளும், அந்த ஆட்சிக்கு முந்தைய கோவாவின் கோயிற் சிற்பங்களும் நடுகற்களும் சதிக்கற்களும் ஒரே கூரையின்கீழ் வந்துசேர்ந்தன. அந்தச் சேர்க்கைக்குத் தனி அர்த்தம் உண்டு. யார் கோயில்களை இடித்தார்களோ அவர்களின் முகங்களும், இடிபட்ட ஊர்களின் கற்களும், இடித்தவர்களின் சமயத்தார் வாழ்ந்த மடத்துக்குள்ளேயே எதிரெதிரே நிற்கின்றன. வேறெந்தக் கட்டடத்திலும் இந்த வரலாறு இவ்வளவு கூர்மையாகத் தைக்காது. ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அங்குள்ள நடுகல் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரின் எல்லையிலோ ஏரிக்கரையிலோ நின்றது. ஆநிரை மீட்டுச் செத்தவனை அந்த ஊர் நினைத்துக்கொள்ள நட்ட கல்லுக்கு, எந்த ஊர், எந்த எல்லை என்பது பாதி வாசகம். மடம் தன் இடத்திலேயே இருக்கிறது. கற்கள்தாம் இடம் இழந்திருக்கின்றன.

இந்தியத் தொல்லியல் துறையை நடத்திய ஜான் மார்ஷலுக்கு இந்தச் சிக்கல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. சாரநாத்தில் தோண்டியெடுத்த சிலைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பாமல், அகழ்ந்த இடத்தின் அருகிலேயே வைக்க வேண்டும் என்று அவர் முயன்றார். 1910இல் கட்டி முடிக்கப்பட்ட சாரநாத் அருங்காட்சியகம் அப்படிப் பிறந்தது. அந்தக் கட்டடத்தின் தரைப்படத்தையே பாதிச் சங்காராமத்தின், அதாவது பௌத்தத் துறவியர் மடத்தின், வடிவில் வகுத்தார்கள். விகாரத்தின் எலும்புக்கூட்டை வெளியே பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர், விகாரம் போன்ற ஒரு கட்டடத்தில் அதன் சிலைகளைக் காண்கிறார். ஆந்திராவின் நாகார்ஜுனகொண்டாவில் இன்னும் கடினமான நிலைமை வந்தது. கிருஷ்ணா நதியில் அணை எழப்போகிறது, பள்ளத்தாக்கிலுள்ள விகாரங்கள் முழுவதும் மூழ்கப்போகின்றன என்று உறுதியானதும் 1954 முதல் 1960 வரை பள்ளத்தாக்கு முழுவதையும் அகழ்ந்தார்கள். முக்கியமான கட்டடங்கள் சிலவற்றைக் கல் கல்லாகப் பெயர்த்து மேலே கொண்டுபோய் மீண்டும் அமைத்தார்கள். நீரால் சூழப்பட்ட அந்தக் குன்றின்மேல் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது.

சேலத்துக்காரர்களுக்கு இது நெஞ்சில் தைக்க வேண்டும். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது காவிரிக் கரையின் பல கிராமங்கள் நீரில் போயின. அணையின் நீர்மட்டம் இறங்கும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டுவதைச் செய்தித்தாள்கள் படத்துடன் போடுகின்றன, மக்கள் பரிசலில் போய்ப் பார்த்து வருகிறார்கள். நாகார்ஜுனகொண்டாவில் நடந்ததுபோல ஒரு பேரகழாய்வு மேட்டூரில் நடந்திருந்தால் காவிரியின் மேற்பகுதி வரலாறு இன்று எவ்வளவோ தெளிவாக இருந்திருக்கும். அந்த வாய்ப்பு போனது போனதுதான். மண்ணுக்கு மேலே இன்னும் மிச்சமிருப்பவற்றுக்காவது அந்தக் கதி வராமல் பார்க்க வேண்டும்.

மிச்சமிருப்பவை குறைவில்லை. நாமக்கல் மாவட்ட எல்லையில் காவிரியைக் கடந்தால், கரூர் மாவட்டம் வேலாயுதம்பாளையத்தில் புகழூர் ஆறுநாட்டார் மலை. உச்சியில் முருகன் கோயில். அதே குன்றின் பாறை நிழல்களில், தலைமாடு சற்றே உயர்த்திச் செதுக்கிய கற்படுக்கைகள். பக்கத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துகள். சேர இரும்பொறை மரபில் தாத்தா, தந்தை, மகன் என்று மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லி, இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் பெற்ற சமயத்தில், யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் சமண முனிவருக்காக இந்தக் கல் வெட்டித்தரப்பட்டது என்று அந்தக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஏறத்தாழ கி.பி. 2ஆம் நூற்றாண்டு. பதிற்றுப்பத்துச் சேரர்களைக் கல்லில் அடையாளம் காண அறிஞர்களுக்குக் கிடைத்த பெரிய ஆதாரம் இது. இதையே வேறு கண்ணாலும் பார்க்கலாம். கொடுத்தவர் யார், எந்தச் சமயத்தில் கொடுத்தார், பெற்றவர் யார், எந்தப் படுக்கை என்று எல்லாமே பதிவாகியிருக்கும் ஒரு துறவியின் இருப்பிடம் இது. ஐரோப்பாவின் பெரும்பாலான மடங்கள் தோன்ற அப்போது இன்னும் பல நூற்றாண்டுகள் இருந்தன. மழைக்காலத்தில் ஊர் ஊராக நடக்கக் கூடாது, ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது சமண முனிவர்களின் நெறி. குகை ஏன் ஊருக்கு மிக அருகிலும் இல்லாமல், பிச்சைக்குப் போய்வர முடியாத தொலைவிலும் இல்லாமல் இருக்கிறது என்று அங்கே நின்று சுற்றிலும் பார்த்தால்தான் விளங்கும். அந்தப் பாறையை வெட்டி எந்த நகரத்துக்கும் கொண்டுபோக முடியாது என்பதே அதற்குக் கிடைத்த பெரும் பாதுகாப்பு.

கிழக்கே ஆத்தூர்ப் பக்கம் தலைவாசலை அடுத்த தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஊர்மக்கள் தியான மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள், பௌர்ணமி நாட்களில் கூட்டம் கூடுகிறது.  வடக்கே, 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரியில், பழைய தகடூரில், சமணம் வேரூன்றியிருந்ததைச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் காட்டுகின்றன. இவற்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஓர் உதவி: புத்தரும் தீர்த்தங்கரரும் ஒரே இருக்கையில், ஒரே கைமுத்திரையில் அமர்ந்திருப்பார்கள், ஊரார் இருவரையும் மாற்றிச் சொல்வது வழக்கம். இடது தோளின்மேல் ஆடையின் விளிம்பு கோடாகத் தெரிந்து, வலது தோள் வெறுமையாக இருந்து, உச்சியில் உஷ்ணீஷம் எழுந்திருந்தால் புத்தர். உடலில் ஆடைக் கோடே இல்லாமல், தலைக்கு மேல் முக்குடை கவிந்து, இருபுறமும் சாமரம் வீசுவோர் நின்றால் தீர்த்தங்கரர். தமிழ்நாட்டில் புத்தர் சிலைகள் தருமராசர், முனீசுவரர், அய்யனார் என்ற பெயர்களில் வாழ்ந்துவருவதைப் பற்றி மயிலை சீனி. வேங்கடசாமி போன்ற அறிஞர்கள் நெடுங்காலம் முன்பே எழுதியிருக்கிறார்கள். அவருடைய 'பௌத்தமும் தமிழும்' நூல் 1940இல் வெளிவந்தது. பெரியேரித் தீர்ப்பு வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகவே தமிழில் இந்தப் பேச்சு இருந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் ஒன்றாகத் திரட்டிச் சேலம் அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாகப்பட்டினத்தைப் பார்த்தால் அந்த நியாயத்தின் இரு பக்கங்களும் தெரியும். ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன் தொடங்கிய சூளாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு உரிய கொடையாக, விட்டான். அதைச் சொல்லும் செப்பேடுகள் ஹாலந்துக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. விகாரங்களில் கடைசியாக எஞ்சியிருந்த செங்கல் கோபுரத்தை, அரசின் அனுமதியுடன் 1867இல் இயேசு சபையினர் இடித்தார்கள். 1856 தொடங்கி அந்த வட்டாரத்து மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் காத்தது. டி.என். இராமச்சந்திரன் 1954இல் அவற்றைப் பற்றி எழுதிய நூல்தான் இன்றுவரை அடிப்படை. எழும்பூர் இல்லாவிட்டால் பல திருமேனிகள் உலைக்குள் போயிருக்கும். இதை மறுக்க முடியாது. ஆனால் மீதித் திருமேனிகள் பல நகரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. விகாரத்தின் எந்த அறையில் எது நின்றது, எதனோடு எது சேர்ந்திருந்தது என்பதைச் சொல்லக் கட்டடமும் இல்லை. விகாரமும் விக்கிரகங்களும் ஒன்றையொன்று விளக்கும் ஓர் இடம் தமிழ்நாட்டின் கடற்கரையில் அமைந்திருக்கக்கூடும். அந்த வாய்ப்பை 1867 பறித்துக்கொண்டது. அருங்காட்சியகம் காப்பாற்றியது உண்மை, அதற்கு முன்பே இழப்பு நடந்துவிட்டதும் உண்மை.

சேலத்திலிருந்தே இன்னொன்று சொல்லலாம். இந்தியப் பழங்கற்கால ஆய்வின் தந்தை எனப்படும் ராபர்ட் புரூஸ் ஃபுட் தம் கடைசிக் காலத்தை ஏற்காட்டில் கழித்தார். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொல்பொருள்களை 1904இல் சென்னை அரசு 40,000 ரூபாய்க்கு வாங்கி எழும்பூரில் வைத்தது. நல்ல காரியம். ஆனால் இந்தப் பகுதி மலைகளிலும் அடிவாரங்களிலும் புதிய கற்கால மெருகேற்றிய கற்கோடரிகளைச் சின்னக் கோயில்களில் வைத்து மக்கள் பிள்ளையாராகக் கும்பிடும் வழக்கம் உண்டு. அந்தக் கோடரியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் 4,000 ஆண்டுக்கு முந்தைய தொழில்நுட்பம் தெரியும். மலை ஊரின் மரத்தடியில் விட்டுவைத்து எழுதிக் காட்டினால் அந்தத் தொழில்நுட்பமும் தெரியும், கண்டெடுத்த மக்கள் அதைக் கடவுளாக்கிய நெடிய கதையும் தெரியும்.

பாதுகாப்பு என்ற எதிர்வாதத்தை இலேசாகத் தள்ள முடியாது. தமிழ்நாட்டில் சிலைத் திருட்டைத் தடுக்க 1983இலேயே தனிக் காவல் பிரிவு தொடங்க வேண்டியிருந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவு போன நடராசர் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வரை போய் 2014இல்தான் திரும்பினார். அவரோடு திரும்பிய விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் ஒரு கற்சிலை. கல் கனமானது, யார் தூக்கப்போகிறார்கள் என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு அது ஒரு பதில். ஆனால் அந்தச் சிலைகள் எப்படித் திரும்பின என்பதையும் பார்க்க வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பதிற்றாண்டுகளுக்கு முன் கோயில் கோயிலாகப் போய் எடுத்துவைத்த புகைப்படங்களில், இந்தச் சிலை இந்தக் கோயிலில் இருந்தது என்ற மறுக்க முடியாத சான்று இருந்தது. பூட்டைவிடப் பதிவு வலியது. படம், அளவு, இருப்பிடம் ஆகியவற்றோடு பதிவான சிலையை உலகச் சந்தையில் விற்பது கடினம். பதிவே இல்லாத சிலையைச் சேலத்திலிருந்து திருடினாலும் சென்னைக் கிடங்கிலிருந்து திருடினாலும் ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு புத்தரையும் தீர்த்தங்கரரையும் கற்படுக்கையையும் இருக்கும் இடத்தில் வைத்தே அளந்து, படமெடுத்து, பொதுவெளியில் வைப்பது முதல் வேலை. வயல் வரப்பில் அனாதையாகக் கிடந்து, யாரும் கவனிக்க வழியில்லாத சிலையை மாவட்ட அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போவதை நான் எதிர்க்க மாட்டேன். அது கடைசி வழியாக இருக்கட்டும், முதல் வழியாக வேண்டாம்.

அடுத்த எதிர்ப்பு வழிபாட்டைப் பற்றியது, அதுதான் கடினமானது. கும்பிடுகிற இடமும் அருங்காட்சியகமும் ஒன்றாக இருக்க முடியாது என்கிறார்கள். நாமக்கல் மலையடிவாரம் இதை மறுக்கிறது. அதியர் மரபின் குணசீலன் பெயரோடு தொடர்புடைய 8ஆம் நூற்றாண்டுக் குடைவரைகளான நரசிம்மர், அரங்கநாதர் கோயில்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன, நாள்தோறும் பூசையும் நடக்கிறது. இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரும், வராகரும், திரிவிக்கிரமரும் பாறையிலேயே செதுக்கப்பட்டவர்கள். அர்ச்சனைத் தட்டோடு வருகிறவரும் சிற்பக்கலை மாணவரும் ஒரே சுவரின் முன் நிற்கிறார்கள். 1958ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டமும் வழிபாட்டிடங்களைப் பற்றிப் பேசும்போது, அந்த இடத்தின் இயல்புக்கு ஒவ்வாத பயன்பாடு கூடாது என்றே சொல்கிறது, வழிபாடே கூடாது என்று சொல்லவில்லை. பெரியேரியின் சிக்கல் வேறு வகை. அங்கே சிலையின் இயல்பே தவறாக அறியப்பட்டிருந்தது. புத்தரை முனியப்பனாக்கிச் செய்யும் பூசை அந்தச் சிலையின் இயல்போடு ஒவ்வாது என்று நீதிமன்றம் கண்டது. அதை நான் ஏற்கிறேன். ஏற்பதால் இன்னொரு கடமை வருகிறது. முனியப்பன் வழிபாட்டைப் பொய் என்று துடைத்தெறிந்துவிடக் கூடாது. தலைமுறை தலைமுறையாக நேர்ந்துகொண்டு, பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டி வாழ்ந்த குடும்பங்களின் நம்பிக்கையும் அந்த மண்ணின் வரலாறுதான். யாரோ வெட்டிய தலையை யாரோ ஒட்டவைத்து, வெறுங்கல்லாகக் கிடக்கவிடாமல் எண்ணெயும் பூவும் போட்டுக் காத்ததால்தான் 2020இல் ஆராய்வதற்கு ஒரு சிலை இருந்தது.

இரண்டு கதைகளையும் ஒரே பலகையில் எழுதினால் அழித்தவருக்கும் அழிக்கப்பட்டவருக்கும் சம இடம் கொடுத்ததாகிவிடும் என்று பௌத்தர்கள் சிலர் வருந்தக்கூடும். அந்த வருத்தத்துக்கு அடித்தளம் இருக்கிறது. ஒரு சமயம் தன் இடத்தை இழந்ததை, 'காலப்போக்கில் மாறியது' என்ற மழுப்பலான சொற்றொடரால் மூடுவது வழக்கமாகிவிட்டது. தலை துண்டிக்கப்பட்டது காலப்போக்கில் நடக்கவில்லை, ஒரு கை அதைச் செய்தது. அதைப் பலகை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். ஆனால் வெட்டிய கையும், பின்னால் வந்து கும்பிட்ட கைகளும் ஒன்று என்பதற்குச் சான்று இல்லை. புத்தர் யார் என்றே அறியாமல் அந்த உருவத்தைப் பெரிதாக மதித்தவர்களைக் குற்றவாளிகளாக்காமலும் உண்மையைச் சொல்ல முடியும். பழைய கோவாவின் மடத்துக்குள் ஆட்சியாளர் படங்களும் கோயிற் சிற்பங்களும் ஒன்றாக இருப்பதால் வென்றவனும் தோற்றவனும் சமம் என்று எவரும் எண்ணிக்கொள்வதில்லை. அருகருகே வைப்பதே அங்கு உண்மையைச் சொல்லிவிடுகிறது.

ஆய்வாளர்களிடமிருந்து ஓர் எதிர்ப்பு வரும், அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு சிலை இருப்பதால் அங்கே ஒரு மடம் இருந்ததாகிவிடாது. சிறு வழிபாட்டிடமாக இருந்திருக்கலாம், வேறிடத்திலிருந்து கொண்டுவந்து வைத்ததாகவும் இருக்கலாம். விகாரம் என்று சொல்ல, நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகளின் செங்கல் அடித்தளம் வேண்டும், தூபியின் எச்சம் வேண்டும், பானையோடும் காசும் வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனீச்சரத்தில் 1960களின் அகழாய்வு அப்படிப்பட்ட சான்றுகளைத்தான் தந்தது. புத்தபாதம் பொறித்த கல்லும் அங்கே கிடைத்தது. பெரியேரியிலும் தியாகனூரிலும் மடங்கள் இருந்தன என்று இன்றைக்கே பலகையில் எழுதுவது பிழை. ஆனால் இந்த எதிர்ப்பு என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை அறியக் கையில் உள்ள ஒரே துப்பு சிலை நிற்கும் இடம். சிலையை நகர்த்தினால் எங்கே தோண்டுவது என்பதே தெரியாமல் போகும். நகர்த்தாமலேயே அந்தத் துப்பை அழிக்கும் வழியும் ஒன்று இருக்கிறது, அதுதான் இப்போது ஊர்தோறும் நடக்கிறது. பக்தியோடும் நல்லெண்ணத்தோடும், பழைய தரையைப் பெயர்த்து, ஆழமாக அஸ்திவாரம் தோண்டி, கான்கிரீட் தூண் நிறுத்தி, மேலே கிரானைட்டும் டைல்ஸும் பதிக்கிறார்கள். முனியப்பனுக்குச் செய்தாலும் புத்தருக்குச் செய்தாலும் மண்ணடுக்குகளுக்கு விளைவு ஒன்றே. வெட்டிப்போட்ட மண்ணோடு செங்கல் துண்டும் கறுப்பு சிவப்புப் பானையோடும் லாரியில் ஏறிப் போய்விடும்.

செலவு பற்றிக் கேட்பார்கள். நான் சொல்வது குளிரூட்டிய கூடமோ கண்ணாடி மாளிகையோ அன்று. மழையும் வெயிலும் படாத, தரையைக் குத்தாத ஒரு கூரை. தமிழில், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி எழுதிய பலகை. சுற்றிலும் சிமென்ட் பூசாத மண். பக்கத்து ஊரின் சான்றுக்கு வழிகாட்டும் ஒரு வரைபடம்: பெரியேரிக்கு வருகிறவர் தியாகனூருக்கும், நாமக்கல் குடைவரைக்கு வருகிறவர் ஆற்றைக் கடந்து புகழூருக்கும், தருமபுரி நடுகற்களுக்கும் போக அது போதும். சனி, ஞாயிறுகளில் விளக்கிச் சொல்ல உள்ளூர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்கள் இருக்கிறார்கள். கோழிப்பண்ணைக்கும் லாரித் தொழிலுக்கும் நாமக்கல்லை, இரும்பாலைக்கும் மாம்பழத்துக்கும் சேலத்தை அறிந்திருக்கும் வெளியூர்க்காரர்கள் ஒருபுறம் இருக்கட்டும். முதலில் அறிய வேண்டியவர்கள் இந்த ஊர்களின் பிள்ளைகள். தங்கள் சமவெளியில் ஒரு சேர இளவரசன் ஒரு துறவிக்குப் படுக்கை வெட்டித்தந்தான், புத்தர் தியானத்தில் அமர்ந்திருந்தார் என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட, பள்ளிக்கூடம் முடிந்து சைக்கிளில் போய்ப் பார்க்க முடிவது பெரிய பேறு.

எல்லாவற்றுக்கும் முன்னால் பெரியேரியில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்தத் திருப்பணிக்கும், எந்த மண்டபத்துக்கும், பலகை நடுவதற்குக்கூட கடப்பாரை இறங்கும் முன், சிலையின் பீடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒன்றிரண்டு சோதனைக் குழிகளைத் தொல்லியல் துறை முறைப்படி போட வேண்டும். செங்கல் சுவர் தென்பட்டால் அதன் போக்கைத் தொடரலாம். வெறும் மண்ணாக இருந்தால் அதையும் அதே பலகையில் எழுதலாம்.